உயிர் வைத்த படம்

புதுக்கடை சந்தைக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையில் பன்னிரண்டு வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் திரையை ஃபிலிமில் ஒழுங்காகப் படம் எடுக்கத் தெரிந்தவன் என்று அந்த வட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை இப்போது யாராவது வந்து கேட்டால் கும்பிட்டுக் கொடுத்துவிடுவேன்.

அந்த வித்தை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் நான் செய்த காரியத்தைச் சொல்ல முடியாது. அன்றைய கம்ப்யூட்டர்கள் பெரிய பெட்டிகள். முன்பக்கம் தொந்தி தள்ளிய கண்ணாடி. அதில் தெரிகிற படம் நம் கண்ணுக்கு நிலையாக நிற்கிறது. உண்மையில் அது மேலிருந்து கீழாகக் கோடு கோடாக, ஒரு நொடிக்குள் பல பத்துத் தடவை அழிந்து அழிந்து எழுதப்படுகிறது. கண் சோம்பேறி, கவனிக்காது. கேமரா கவனித்துவிடும். ஷட்டரைச் சட்டென்று திறந்து மூடினால் எழுதிய பாதி மட்டும் ஃபிலிமில் விழும், மிச்சம் ஒரு கறுப்புப் பட்டையாக நிற்கும். ஃப்ளாஷ் அடித்தால் இன்னும் மோசம். கண்ணாடி சாம்பல் நிறத்தில் வெறுமையாகிவிடும், உள்ளே ஒன்றும் இருந்ததாகவே தெரியாது. ஃப்ளாஷை அணைத்து, கேமராவை முக்காலியில் நிறுத்தி, அரை நொடி திறந்து வைத்தால் படம் முழுதாக வரும். ஆனால் நீலமாக வரும். நாங்கள் வாங்கும் கலர் ஃபிலிம் வெயிலுக்காகச் செய்தது. டியூப்லைட் அதற்குப் பச்சை, குண்டு பல்பு மஞ்சள், கம்ப்யூட்டர் திரை நீலம். நமக்கு வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஃபிலிமுக்கு வெள்ளை ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் ஒருவர் இறந்தால், பெட்டியை மூடுவதற்கு முன்னால் வீட்டார் எல்லோரும் அதைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அடக்கப் படம் என்போம். கல்ஃபில் இருக்கிற அண்ணன் தம்பிக்கு அனுப்ப ஒன்று, வீட்டு அலமாரிக்கு ஒன்று. கல்யாணத்துக்குப் படக்காரனைக் கூப்பிட மறந்தவர்கள் உண்டு, அடக்கத்துக்கு மறந்தவர்கள் இல்லை.

இறந்தவரின் முகம் ஃபிலிமில் சாம்பலாகவோ பச்சையாகவோ விழும். அப்படியே கொடுத்தால் வீட்டுக்காரர்கள் கையில் வாங்கமாட்டார்கள். அதனால் ஃபிலிமை நாகர்கோவில் லேபுக்குக் கொடுத்துவிடும்போது உறையின்மேல் 'உயிர் வைக்கவும்' என்று எழுதுவோம். பிரிண்ட் போடும்போது சிவப்பும் மஞ்சளும் கூட்டு என்று அதற்கு அர்த்தம். லேபில் மெஷினில் இருந்தவர் போனில் கேட்பார்: "அண்ணாச்சி, எத்தன உயிரு வைக்கணும்?" "ரெண்டு போதும், கெழவராக்கும்" என்பேன். சிரித்துக்கொண்டுதான் பேசுவோம். சவத்தோடு தொழில் செய்கிறவனுக்குச் சிரிப்பு தப்பாகத் தோன்றுவதில்லை.

இனி நான் சொல்ல வந்த அம்மா. குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊர்க்காரி. புதுக்கடை சந்தையில் மீன் விற்றாள். அப்போது ஐம்பது வயதிருக்கும். அவள் விலை சொல்கிற சத்தம் என் ஸ்டுடியோவுக்குள் கேட்கும். கடல் கேறிய அன்று, சுனாமியைத்தான் எங்கள் ஆட்கள் அப்படிச் சொல்வார்கள், அவளுடைய புருஷன் மீன்பிடி வள்ளத்தோடு போய்விட்டார். உடல் மூன்றாம் நாள் வேறொரு கரையில் ஒதுங்கியது. அவளும் மகனும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், வைத்திருக்க முடியாது என்று மற்றவர்களோடு சேர்த்து ஒரே குழியில் போட்டு மூடிவிட்டார்கள். இடுப்பில் கிடந்த அரைஞாணை வைத்துத்தான் யாரென்று பிறகு சொன்னார்கள். பெட்டி இல்லை, அடக்கப் படம் இல்லை. குழியின்மேல் பொதுவாக ஒரு சிலுவை நட்டிருந்தார்கள். அதன் பக்கம் அவள் போனதே இல்லை.

"முகத்தக் காணாம எப்பிடி அழ? யாருக்குன்னு அழ?" என்று ஒரு தடவை என் கடை வாசலிலேயே யாரிடமோ சண்டை பிடித்தாள். அழுததாக ஒருவரும் கண்டதில்லை.

வள்ளம் போனதால் மகன் கல்ஃபுக்குப் போனான். அரபியின் லாஞ்சில் மீன்பிடி வேலை. போகும்போது அவனுக்கு வயது இருபத்தாறு, மனைவி மாசமாக இருந்தாள். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு நாள் அறையில் உடனிருந்தவன் போன் செய்தான். கடலில் வைத்தே நெஞ்சு வலி, கரை சேருவதற்குள் முடிந்துவிட்டது. உடலை அனுப்பக் காகிதங்கள் வேண்டும், அரபி கையெழுத்துப் போடவேண்டும் என்று நாட்கள் போயின. கடைசியில் அங்கேயே அடக்கம் என்று முடிவானது. அதற்கு முன்னால் அந்த நண்பன் செல்போனில் முகத்தை ஒரு படம் எடுத்து, யாரையோ பிடித்து, புதுக்கடையில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு ஈமெயிலில் அனுப்பியிருந்தான்.

இறந்தவனின் சித்தப்பா காலையிலேயே என்னிடம் வந்தார்.

"அடக்கப் படம் எடுக்கணும்."

"பாடி வந்தாச்சா?"

"இல்ல. கம்ப்யூட்டர்ல வந்திருக்கு."

பிரவுசிங் சென்டரில் இருந்த பிரிண்டர் கறுப்பு எழுத்து மட்டும்தான் அடிக்கும். அவர் என்னிடம் வந்ததற்கு அது ஒரு காரணம். ஆனால் சித்தப்பாவுக்கு வெறும் பிரிண்ட் தேவைப்படவில்லை. குடும்பம் சுற்றி நிற்க வேண்டும், நடுவில் அவன் இருக்க வேண்டும். பெட்டி வராவிட்டால் இந்தப் பெட்டி.

"பெத்தவளுக்குக் காணிக்கணும் தம்பி. மதினி சொல்லிட்டா, முகத்தக் காணாம ஒருத்தனுக்கும் அழ மாட்டேன், பூச வைக்க மாட்டேன், ஒரு தடவ ஏமாந்தது போதும்னு. இங்க வரவும் மாட்டேங்குதா. படமா கொண்டு வா, எனக்க வீட்டுல வச்சுப் பாக்கேங்குதா."

பிரவுசிங் சென்டர் மருந்துக்கடை மாடியில் இருந்தது. மதியம் ஒரு மணிக்கு மற்றவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். சித்தப்பா, சித்தி, இறந்தவனின் மனைவி, அவள் இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை, சென்டர்க்காரர், நான். அவ்வளவுதான். சென்டர்க்காரர் மெயிலைத் திறந்தார். அந்தக் காலத்து இணைப்பு. படம் மேலிருந்து கீழாக, விரல் அகலம் விரல் அகலமாக இறங்கி வந்தது. முதலில் ஒரு வெள்ளைத் துணி. பிறகு முடி. பிறகு நெற்றி. அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. சென்டர்க்காரர் வயரை ஆட்டிப் பார்த்தார். மறுபடி இறங்கி, இடது புருவம் வந்தது. புருவத்தில் தூண்டில் முள் கிழித்த ஒரு தழும்பு. அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணும் மூக்கும் வாயும் வந்து சேர்ந்தபோது அவள் பார்க்கவில்லை.

சித்தி ஒரு வெள்ளைத் துணியை விரித்தாள். சித்தப்பா திரைக்கு இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி கொளுத்தி, நடுவில் பாடுபட்ட சுரூபத்தை, இயேசு தொங்குகிற சிலுவையை, வைத்தார். "வயரு கெடக்கு அண்ணே, பாத்து" என்றார் சென்டர்க்காரர். அந்தப் பெண்ணைத் தூக்கி நிறுத்தினார்கள். அப்போதுதான் அவள் முழு முகத்தையும் பார்த்தாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். குழந்தை அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. நான் ஒரு படம் எடுத்தேன். ஃப்ளாஷ் அடித்த பிறகுதான் புத்தி வந்தது. பழக்கம் கொடியது, பாறையிலும் கோழி சீக்கும். நாலு பேர் நிற்கிற இடத்தில் கை தானாக ஃப்ளாஷுக்குப் போய்விட்டது. இந்தப் படத்தில் இவர்கள் இருப்பார்கள், அவன் இருக்கமாட்டான் என்று எனக்கு அங்கேயே தெரியும்.

ஃப்ளாஷைக் கழற்றிவிட்டு இன்னும் இரண்டு எடுத்தேன். அவசரத்தில் ஷட்டர் வேகம் கூடிப்போனது. அவையும் பட்டை விழுந்திருக்கும் என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் என் தலைக்கனம் விழித்துக்கொண்டது. இதை ஒழுங்காக எடுத்துக் காட்டாமல் இங்கிருந்து போவதில்லை என்று நினைத்தேன். சாவு வீட்டில் நிற்கிறோம் என்பது என் நினைவில் இருந்து போய்விட்டது. என் முன்னால் ஒரு கண்ணாடியும் அதன் வெளிச்சமும் மட்டுமே இருந்தன.

டியூப்லைட்டை அணைக்கச் சொன்னேன். ஒரு ஜன்னலை நாலு விரல் மட்டும் திறந்து மற்றவற்றை அடைத்தேன். திரையின் ஓரத்தில் ஒரு விளம்பரம் விட்டு விட்டு மின்னியது. அதைக் கறுப்புக் காகிதத்தால் மூடினேன். குனிந்து பார்த்தால் மெழுகுவர்த்திச் சுடர் கண்ணாடியில் பட்டு, அவன் நெற்றியில் ஒரு பொட்டாகத் தெரிந்தது.

"அந்தத் திரிய அணைச்சிருங்க."

சித்தப்பா என்னைப் பார்த்தார். "சவத்துக்கத் தலமாட்டுத் திரிய அணைக்கவா?"

"படம் முடிஞ்சதும் கொளுத்திக்கிடலாம். கண்ணாடில அடிக்குது."

அவர் ஊதி அணைத்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "தங்கச்சி, நான் ஒண்ணு ரெண்டு எண்ணுத வரைக்கும் அசையப்படாது. அழாதீங்க. அழுதா படம் கலங்கிரும்." அவள் தலையாட்டினாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்தாள். குழந்தைகூட அசையவில்லை. அப்படி நாலு படம் எடுத்தேன். அத்தனை வருஷத் தொழிலில் இறந்தவன் பக்கத்தில் நிற்கிற மனைவியிடம் அழாதே என்று சொன்ன படக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

லேபுக்கு நானே கொண்டுபோனேன். உறைமேல் 'நீலம் எடுக்கவும், உயிர் வைக்கவும்' என்று எழுதினேன். மெஷின்காரர் நெகட்டிவைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ரெண்டு மூணு உயிரு தாங்காது அண்ணாச்சி" என்றார். "வை. தாராளமா வை" என்றேன். முதல் பிரிண்ட் நீலமாக, கறுத்த உதட்டோடு வந்தது. இரண்டாவது கொஞ்சம் தேறியது. ஐந்தாவதில் முகம் சிவந்து, உதட்டில் நிறம் ஏறி, நல்ல வெயிலில் படுத்து உறங்குகிறவனைப்போல வந்துவிட்டது. மெஷின்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முகத்தை மட்டும் பார்த்தால், திரையைப் படம் எடுத்தது என்று சொன்னால்தான் தெரியும், அவ்வளவு சுத்தம். எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் பிரயோசனம் இல்லை.

அந்தப் பெருமையில்தான் படத்தை நானே அந்த அம்மாவின் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவள் கை கழுவிவிட்டு வந்து, படத்தை வாங்கி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். சித்தப்பாவும் சித்தியும் அவள் இரண்டு பக்கமும் விழுந்துவிடாமல் பிடிக்கத் தயாராக நின்றார்கள். மருமகள் உள்ளே கதவோரம் நின்றாள்.

"ஒறங்குதான்" என்றாள் அவள்.

"மதினி" என்றார் சித்தப்பா.

"ஒறங்குதவன எழுப்பாம படம் பிடிச்சு அனுப்பியிருக்கான் எவனோ. லே, நெஞ்சடச்சு செத்து, நாலஞ்சு நாளு ஐசுல கெடந்தவனுக்க முகமாலே இது? நான் முப்பது வருசமா மீன் விக்குதவளாக்கும். பிடிச்சது எப்பம், ஐசுல கெடந்தது எத்தன நாளுன்னு செவுளப் பாத்தா நான் சொல்லுவேன். எனக்கு நீ சவத்தப் படிப்பிச்சுத் தாறியா?"

"நாங்க எல்லாம் கண்டோம் மதினி."

"என்னத்தக் கண்டிய? தலமாட்டுல திரி எங்க? திரி இல்லாத சவம் உண்டுமா?" பிறகு உள்ளே திரும்பி மருமகளைக் கூப்பிட்டாள். "ஏட்டி, இங்க வா. இது நீதான? மாப்பிள செத்துக் கெடக்கான், நீ அழக்கூட இல்லியே. குத்துக்கல்லு கணக்கா நிக்குத."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். நிறம், திரி, அழுகை, மூன்றுமே என் கைவேலை. ஒரு மீன்காரியின் கண்ணுக்கு முன்னால், கெட்டுப்போன மீனின் செவுளில் சாயம் தேய்த்து விற்கிற வியாபாரி என்ன செய்வானோ அதைத்தான் நான் செய்திருந்தேன். அன்றைக்கு அங்கேயே அதைச் சொல்லியிருக்கலாம். அந்த அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதை அணைக்கிற தைரியம் எனக்கு வரவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். என் வேலையை நானே குறை சொல்ல மனம் வரவில்லை என்பது அதைவிட உண்மை.

அவள் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள். கோயிலில் சாமியார் அவனுக்காகப் பூசை வைத்தபோது, "உசுரோட இருக்கவனுக்கா?" என்று கேட்டு வெளியே வந்து மணலில் உட்கார்ந்துகொண்டாளாம். கல்லறைத் திருநாள் அன்று ஊரெல்லாம் மெழுகுவர்த்தி எரியும்போது அவள் மீனுக்குப் போனாள். அரபி சிறையில் வைத்திருக்கிறான், விடுகிற அன்று வருவான் என்றாள். ஊரில் முதலில் எதிர்த்துப் பேசினார்கள், பிறகு தலையாட்டினார்கள், பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள்.

மாட்டிக்கொண்டவள் மருமகள். அவளுக்கு இருபத்திமூன்று வயது. புருஷன் செத்ததற்கு ஒரு கறுப்புச் சேலை உடுத்த அந்த வீட்டில் அவளுக்கு உரிமை இல்லை. தாலியைத் தொட்டால் மாமி சத்தம் போட்டாள். அவளுடைய வீட்டார் வந்து, வேறொரு இடம் பார்த்திருக்கிறோம், குழந்தையோடு ஏற்றுக்கொள்கிற மனுஷன் என்று கூப்பிட்டார்கள். "புருசன் இருக்கப்பட்டவள எங்க கொண்டு போறிய? அவன் வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்று மாமி வாசலை மறித்துப் படுத்தாள். அந்தப் பெண்ணால் அவளைத் தாண்டிப் போகவும் முடியவில்லை, தனியாக விட்டுப் போகவும் மனம் வரவில்லை.

எனக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மீன் வந்தது. சந்தைக்கு வருகிற வழியில் அந்த அம்மா கூடையை என் கடைப்படியில் இறக்கி, அயிலையோ சாளையோ ஒரு இலையில் பொதிந்து மேஜைமேல் வைப்பாள். "நீயாக்கும் எனக்க பிள்ளைய எனக்குக் காணிச்சுத் தந்தது" என்பாள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வாள். வீட்டில் குழம்பு வைத்தார்கள், நானும் தின்றேன். வெட்கம் கெட்ட வாய். ஒரு தடவை மனதைக் கல்லாக்கிக்கொண்டு, "அம்மா, அந்தப் படத்துல கலரு..." என்று தொடங்கினேன். "கலரு நல்லாருக்கு மக்கா, மங்கவே இல்ல" என்று சொல்லிக் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் முயற்சி செய்யவில்லை.

ஆறு வருஷம் இப்படிப் போனது. அதற்குள் கம்ப்யூட்டர் பெட்டிகள் தட்டையாகிவிட்டன, என் கேமராவும் மாறிவிட்டது. ஒரு நாள் காலையில் மருமகள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். கூட ஏழு வயது மகள். பள்ளிக்கூடத்தில் சேர்த்ததில் இருந்து அந்தக் குழந்தையிடம் அப்பா எங்கே என்று கேட்டால், பாட்டி ஒரு பதில் சொல்கிறாள், அம்மா ஒரு பதில் சொல்கிறாள் என்று ஆரம்பித்தாள். பிறகு நேரே கேட்டாள்.

"அண்ணே, அன்னைக்கு அந்தப் பொட்டிக்குள்ள நான் கண்டது இந்த முகம் இல்ல. உதடு கறுத்துக் கெடந்துது. படத்துல எப்பிடிச் செவந்துது?"

ஆறு வருஷமாக ஒருவரும் கேட்காத கேள்வி. நான் எல்லாவற்றையும் சொன்னேன். உறையில் எழுதியது, உயிர் வைப்பது என்றால் என்னவென்பது, ஐந்து பிரிண்ட் போட்டது, எல்லாம். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மகளின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பம் அந்த உயிர எடுத்துத் தாருங்க" என்றாள்.

நெகட்டிவைத் தேடி எடுத்தேன். இருவரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஏழு படங்கள். முதல் படத்தில் திரி எரிகிறது, அவள் அழுகிறாள், சித்தி வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள், ஆனால் திரை வெறுமை. அடுத்த இரண்டிலும் அவன் கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்புப் பட்டை. கடைசி நாலில் அவன் இருக்கிறான், திரி இல்லை, அழுகை இல்லை. இழவு இருக்கிற படத்தில் செத்தவன் இல்லை, செத்தவன் இருக்கிற படத்தில் இழவு இல்லை. இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒட்டிச் சேர்த்து ஒரே படமாகத் தரமுடியும், யாருக்கும் தெரியாது என்று நான் சொன்னேன். சொல்லும்போதே என் புத்தி எனக்கு அசிங்கமாக இருந்தது.

"ஒட்டுனது வேண்டாம் அண்ணே. உள்ளதத் தாருங்க."

லேபில் அதே மெஷின்காரர்தான் இருந்தார். "உயிர எடுக்கவா? இதுவர ஒருத்தரும் கேட்டதில்லியே" என்றார். ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல், ஃபிலிமில் விழுந்தபடியே முகத்தை மட்டும் பெரிதாக்கிப் போடச் சொன்னேன். ஃப்ளாஷ் அடித்த முதல் படத்தையும் போட்டு வாங்கினேன். பெரிதாக்கிய முகம் முழுக்க நீலம். கண் இமையும் உதடும் கறுப்பு. திரையின் கோடுகள் கன்னத்தின்மேல் மெல்லிய அலைகளாக ஓடின. அதைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆறு வருஷம் முன்னால் இதைக் கொடுத்திருந்தால் இந்த ஆறு வருஷமும் நடந்திருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த நேரத்தில் போனேன். அந்த அம்மா மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நாற்காலி எடுத்துப் போட்டாள். சுவரில் மாட்டியிருந்த படம் எதிரே இருந்தது. நான் அதன் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தேன். பேச வேண்டியதை எல்லாம் வழியெங்கும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

"அம்மா, அன்னைக்கு நான் தந்த படத்துல ஒரு பிழை உண்டு. நிறத்த நான் கூட்டி வச்சேன். திரிய அணைக்கச் சொன்னதும் நான்தான். இவள அழாதேன்னு சொன்னதும் நான்தான்."

மருமகள் முன்னால் வந்து முதல் படத்தை என்னிடம் வாங்கி மாமியிடம் கொடுத்தாள்.

"மாமி, பாருங்க. நான் அழுதேன். திரியும் உண்டு பாருங்க."

அம்மா படத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். "பொட்டி வெறுசால்லா கெடக்கு" என்றாள். "வெறும் பொட்டியப் பாத்தாட்டி நீங்க எல்லாம் அழுதிய?"

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் உறையிலிருந்து நீலப் படத்தை எடுத்து நீட்டினேன்.

அம்மா அதை வாங்கினாள். ஒரு பார்வைதான். மண் தரையில் உட்கார்ந்து, படத்தை மடியில் வைத்து, விரலால் அந்த நெற்றியைத் தொட்டாள். பிறகு வாயைத் திறந்தாள். சந்தையில் விலை சொல்கிற குரல் அது, ஆனால் அந்தக் குரலில் அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் நினைத்ததில்லை. பக்கத்து வீடுகளில் இருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர்களும் சுற்றி உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். மருமகள் சுவரில் சாய்ந்து நின்று, ஆறு வருஷமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. தாமதமானாலும் ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்துவிட்டோம் என்று நினைத்தேன்.

ஒப்பாரியின் சொற்கள் பிறகுதான் என் காதில் ஏறின.

"எனக்க மாப்பிள... எனக்க பிள்ளைக்க அப்பனே... குழியில போட்டு மூடிட்டானுவளே... உப்புத் தண்ணியில நீலிச்சுக் கெடக்குதியளே..."

மகனுக்கு அப்பாவின் சாயல் என்று அந்த ஊரில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் தெரியும், ஆனால் அது உறைக்கவே இல்லை. பெண்களோடு ஓடி வந்திருந்த சித்தி குனிந்து, "அக்கா, இது பிள்ளயாக்கும், புருவத்தப் பாருங்க" என்று சொல்லிப் பார்த்தாள். அவள் கேட்கவில்லை. கடலில் மூன்று நாள் கிடந்தவரின் நிறம் அவளுக்குத் தெரியும். யாரும் அவளுக்குக் காட்டாத முகம் அது. இப்போது கிடைத்துவிட்டது.

ஒரு மணி நேரம் அழுதாள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, மெழுகுவர்த்தி கேட்டாள். படத்தைச் சுவரோடு சாய்த்து வைத்து அதன் முன்னால் கொளுத்தினாள். மகனுடைய சிவந்த படம் மேலே ஆணியில் அப்படியே தொங்கியது. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கடைசில அவரையும் காணிச்சுத் தந்திட்டியே மக்கா" என்றாள். அவள் கையில் மீன் வாடை இருந்தது.

பிறகு மருமகளைப் பார்த்தாள்.

"ஏட்டி, இத பத்திரமா வை. அவன் வந்ததும் காணிக்கணும். அவனும் அப்பனுக்க முகத்தக் காணாமத்தான போனான்."

அந்தப் பெண் எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அன்று பிரவுசிங் சென்டரில் நான் ஒன்று ரெண்டு எண்ணியபோது நின்றாளே, அதே மாதிரி நேராக நின்றாள்.

"சரி மாமி" என்றாள்.